மலையேறும் நாளுக்கு ஒரு ரொட்டி

முதலில் தாகம்தான் வந்தது. இலங்கை மலைநாட்டு அக்கரப்பத்தனைக் குளிரில், பீலியில் (மலைநீர் விழும் குழாய்) பிடித்த தண்ணீரை வாயில் வைத்தாலே பல் கூசும். என் மனைவி செல்லம்மா அதைச் செம்பு செம்பாகக் குடித்தாள். உடம்போ வற்றிக்கொண்டே வந்தது.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவள் கொழுந்து பறித்தாள். நாங்கள் இருந்த லயத்து வீடு (தொழிலாளர் வரிசை வீடு) அவள் வேலைக்காகத் தோட்டம் கொடுத்தது. இதை வெளியாட்களிடம் நான் சொல்வதில்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் நீரிழிவு (இரத்தத்தில் சீனி மிகுந்துவிடும் நோய்) என்றார்கள். தினமும் காலையில் இன்சுலின் (அந்தச் சீனியைக் குறைக்கும் ஊசிமருந்து) போட வேண்டும். டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மருந்தையும் சாப்பாட்டையும் எழுதுமுன் என்னிடம் கேட்டார்.

“இவ என்ன வேலை செய்யிறவ?”

நான் கோட்டுப் போட்டிருந்தேன். “வீட்டிலதான் இருக்கிறா, டொக்டர்” என்றேன்.

செல்லம்மா விரல்களை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கொழுந்துக் கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது.

இந்த நோயோடு ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது இந்தப் பொய்யைத்தான். வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கான மருந்தையும் சாப்பாட்டையும் வாங்கிக்கொண்டு, மலையேறும் பெண்ணை அழைத்துவந்தேன்.

தோட்டத்து மருந்தய்யா முதல் ஊசியைப் போடும்போதே கேட்டார். “மாஸ்டர், இவங்க மலைக்குப் போறது டவுன் டொக்டருக்குத் தெரியுமில்ல?” தெரியும் என்றேன். இரண்டாவது பொய்.

காலையில் ஊசி, சிறிய ரொட்டி ஒன்று, சீனியில்லாத தேத்தண்ணி. பிறகு பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு, கங்காணி காட்டும் மலைக்குக் கூடையுடன் ஏறுவாள். சில வாரங்களில் கை நடுங்கத் தொடங்கியது. குளிரிலும் வியர்த்தது.

“பசிக்குதுங்க. கண்ணு இருட்டுது.”

“நோய்க்காரி ஆசைய அடக்கணும்” என்றேன். படித்தவன் என்ற எண்ணம் எனக்கு.

மலையில் தேத்தண்ணி நேரத்தில் சீனியைக் கலக்க மாட்டார்கள். முந்தானையில் முடிந்துகொண்டுபோய், உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொண்டே வெறுந்தேத்தண்ணி குடிப்பார்கள். ஒருநாள் அவள் முந்தானையில் அந்த முடிச்சைக் கண்டேன். திருட்டைப் பிடித்தவன்போல அவிழ்த்து அடுப்பில் கொட்டினேன். அவள் கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு போனாள்.

அன்று பள்ளிக்கூட ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, மேல் மலையில் கொழுந்து நிரை கலைந்து பெண்கள் ஓரிடத்துக்கு ஓடினார்கள். ஏன் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஏறிப் போய்ச் சேர்ந்தேன். அடுத்த நிரையில் பறிக்கும் மாரியாயி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கன்னத்துக்குள் சீனியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். செல்லம்மாவின் கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை.

“அவ சீனிய அடுப்புல கொட்டிட்டீங்களாமே, வாத்தியாரய்யா? நல்லவேள, எங்கிட்ட இருந்துச்சு. ஒங்க சட்டத்தையெல்லாம் பள்ளிக்கூடத்தோட வச்சிக்கங்க.”

லொறியில் டவுனுக்குக் கொண்டுபோனோம். அந்த வழி முழுவதும் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பாதி வழியில்தான் “ம்” என்றாள்.

டொக்டர் அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். “மாஸ்டர், இது வீட்டில இருக்கிற கையோ?”

கட்டிலில் இருந்து செல்லம்மா சொன்னாள். “அவரத் திட்டாதீங்க ஐயா. வாத்தியார் பொண்டாட்டி கொழுந்தெடுக்குறான்னு சொல்ல அவருக்குக் கூச்சம்.”

“கூச்சத்துக்கு என்னால மருந்து தர ஏலாது. ஊசியும் சீனியைக் குறைக்குது, ஏறுற மலையும் குறைக்குது. அதுக்கு ஈடா சாப்பாடு எங்க?”

அவளுக்கு வந்தது தாழ்சீனி மயக்கம் (இரத்தத்தில் சீனி திடீரென்று வற்றிப்போவது). நினைவு முழுவதும் தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்றும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஊசியின் அளவு குறைந்தது. சாப்பாடு வேலையைப் பார்த்து மாறியது. மேல் மலையென்றால் காலையில் இன்னொரு ரொட்டி, கொஞ்சம் பருப்பு. கீழ் மலையென்றால் அதில் பாதி. வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை, சோற்றைக் குறைத்துக்கொண்டு மாலையில் ரோட்டுவரை நடப்போம். கங்காணியைத் தேடிப்போய், “நாளைக்கு எந்த மலை?” என்று கேட்பது என் வேலை. அவர் சிரிப்பார். “என்ன வாத்தியாரே, நீங்களும் பேர் குடுக்கப் போறீங்களா?”

சாப்பாடு மாறிய மறுநாள் காலை, சீனியை நானே அவள் முந்தானையில் முடிந்தேன். “இறுக்கிக் கட்டாதீங்க. அவிழ்க்கிறதுக்குள்ள விழுந்துருவேன்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் நெடுங்காலம் இருந்தாள். பேரப்பிள்ளைகளைத் தூக்கினாள். நான் கொட்டிய சீனியைப் பற்றி ஒருமுறைகூடப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

இப்போது எனக்கும் அதே நோய். ஏற மலையில்லை, கடைவரை நடக்கிறேன், அதற்கேற்பச் சாப்பிடுகிறேன். ஆனால் எந்த மேட்டைப் பார்த்தாலும் இதற்கு எத்தனை ரொட்டி என்றுதான் மனம் கேட்கிறது. ஜன்னலுக்கு எதிரே இன்றும் கொழுந்து பறிக்கிறார்கள். நிரையில் ஒருத்தி குனிந்தால், அவள் நிமிரும்வரை என் மூச்சு இறங்குவதில்லை.