சிங்க்குக்கு அடியில் போரி

தென்கொரியாவின் குன்சான் துறைமுகத்துக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் குடியிருப்பில் எனக்கு எதிர்வீடு மால்சுன் அக்கா. மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்தவள் என்பதால், இதோடு பெண் போதும் என்று அவள் அப்பா 'கடைசி' என்று பொருள்படும் அந்தப் பெயரை வைத்தாராம். பெயர் பலிக்கவில்லை, எனக்குப் பின்னாலும் ஒருத்தி வந்தாள் என்று சொல்லிச் சிரிப்பாள்.

கீழ்த்தெருவில் சலவைக்கடை அவளுடையது. கப்பல் பட்டறை விபத்தில் கணவர் இறந்தபோது மகன் ஹான்கியோல் பள்ளிக்கூடம்கூடச் சேரவில்லை. பிறத்தியார் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டே அவனை ஆளாக்கினாள். குடித்துவிட்டுக் கடையில் கலாட்டா செய்த மாலுமி ஒருவனை, ஆவி பறக்கும் இஸ்திரிப்பெட்டியைக் கையில் பிடித்தபடி தெருமுனைவரை அவள் நடத்திக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவளுக்குப் பாம்பு என்றால் மட்டும் உடம்பு சில்லிட்டுவிடும்.

மகன் வளர்த்ததோ பாம்பு. மலைப்பாம்பு இனத்தில் சிறியது, விஷமில்லாதது. வாற்கோதுமை நிறத்தில் இருந்ததால், கொரிய மொழியில் அதையே குறிக்கும் போரி என்ற பெயரை வைத்திருந்தான். கட்டாய ராணுவ சேவைக்குக் கிளம்பும்போது அவன் அழாத குறையாகக் கேட்டுக்கொண்டதால் அக்கா ஒப்புக்கொண்டாள். கண்ணாடிப் பெட்டிமேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினாள். உறைபெட்டியிலிருந்து எலியை எடுத்து, பனி விட்டதும், இறைச்சி சுடும் நீளக் குறடால் பிடித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உள்ளே நீட்டுவாள். ஒருநாளும் அதைத் தொட்டதில்லை.

குளிர்காலம் தொடங்கியதிலிருந்து போரி எலியைச் சீந்தவில்லை. ஆனாலும் மெலியாமல் பருத்துக்கொண்டே வந்தது. அக்கா தொலைபேசியில் மகனிடம் புலம்பினாள். குளிரில் சில பாம்புகள் அப்படித்தான் என்று அவன் சமாதானம் சொன்னான்.

புத்தாண்டு விடுமுறை முடிந்த வாரம், ஒருநாள் காலையில் போர்வையை விலக்கிப் பார்த்தால் பெட்டியின் மூடி ஒரு பக்கம் தூக்கியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

அக்கா கதவைத் தட்டியபோது எனக்கு விஷயமே புரியவில்லை. கையில் செருப்போடு நின்றாள். பாம்பைக் காணோம், தேட வா என்றாள். நான் தயங்கியதைப் பார்த்ததும் அவளுக்குப் பழைய குறும்பு வந்துவிட்டது. என் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவாள்.

"யேசோல் அம்மா, ஒரு கரப்பான்பூச்சிக்குப் பயந்து என் வீட்டுக்கு ஓடி வந்தவ நீ. உன்னத்தான் துணைக்குக் கூப்பிட வேண்டியிருக்கு, என் தலையெழுத்து."

படுக்கைகளை உதறினோம். அலமாரியை நகர்த்தினோம். துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். எங்கும் இல்லை. சில நாட்கள் அக்கா காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாள். மகனிடம் சொல்லவில்லை. அவன் கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொன்னாள். எதிரில் உட்கார்ந்திருந்த என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அரிசி மாவைத் தூவும் யோசனை அவளுடையதுதான். சனிக்கிழமை படுக்கப் போகுமுன் ஒவ்வொரு கதவடியிலும் மெல்லிசாகத் தூவி வைத்தாள். ஞாயிறு கடை விடுமுறை. விடிந்ததும் என்னைக் கூப்பிட்டாள். சமையலறை வாசல் மாவில் ஒரு தடம். பாம்புத் தடம் வளைந்து வளைந்து இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது ஈரத் துண்டை இழுத்துக்கொண்டு போனதுபோல, அகலமாக, நேராக, சிங்க்குக்கு அடியில் தரையோடு பொருத்தியிருந்த பலகைவரை போயிருந்தது. பலகையின் ஓரத்தில் கை நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி.

எங்கள் வீடுகளில் தரையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்கள் எல்லாம் அந்தச் சிங்க்குக்கு அடியிலிருந்துதான் பிரிந்து போகும். வீட்டிலேயே இளஞ்சூடான இருட்டு மூலை அது.

அக்கா பலகையை உருவினாள். இருவரும் தரையில் கன்னம் பதியப் படுத்து டார்ச்சைப் பிடித்தோம்.

குழாய்களுக்குப் பின்னால், என்றோ விழுந்து கிடந்த பழைய கரித்துணியின்மேல் போரி இருந்தது. கோபுரம்போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டிருந்தது. உச்சியில் தலையை வைத்து எங்களையே பார்த்தது. சீறவில்லை, நகரவுமில்லை. அந்தச் சுருள்களின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. துணிமூட்டை என்று நினைத்தேன். அக்காதான் முதலில் கண்டுகொண்டாள். முட்டைகள். வாத்து முட்டையைவிடப் பெரியவை, ஒன்றோடொன்று ஒட்டியவை. அத்தனையையும் தன் உடம்பாலேயே கட்டி அணைத்திருந்தது.

நான் எழுந்து ஓடியிருப்பேன். அக்கா அசையாமல் கிடந்ததால் நானும் கிடந்தேன். பிறகு அவள் பேசினாள். குரல் கோயிலில் பேசுவதுபோல் தாழ்ந்திருந்தது.

"நான் இங்கதானே நின்னு பாத்திரம் கழுவிட்டிருந்தேன். பாட்டுகூடப் பாடியிருப்பேன். என் கால்கிட்ட இவ்வளவு நடந்திருக்கு, ஒரு முனகல்கூடக் கேக்கலியே."

அன்று மாலை ராணுவ முகாமில் தொலைபேசி தரும் நேரத்துக்குக் காத்திருந்து மகனுக்குப் படம் அனுப்பினாள். பார்த்ததும் அவனே கூப்பிட்டான். தான் வாங்குவதற்கு முன் பழைய சொந்தக்காரர் அதை ஆண் பாம்போடு வைத்திருந்ததாகவும், அந்த ஆணின் விந்தணுவை வருஷக்கணக்காக வயிற்றில் காத்துவைத்துக் கருத்தரிக்க இந்தப் பாம்புகளால் முடியும் என்றும் சொன்னான். தெரிந்தவர் ஒருவரை அனுப்புகிறேன், முட்டைகளை எடுத்து இயந்திரத்தில் வைத்துப் பொரிக்கலாம், அதுதான் பத்திரம் என்றான்.

"வேணாம். எடம் பாத்து வச்சவ அவ. அவளே பாத்துக்கட்டும்" என்றாள் அக்கா.

அவன், அப்படியானால் வீட்டுச் சூட்டை மட்டும் குறைத்துவிடாதே, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வை என்றான்.

அதன்பிறகு அந்தச் சமையலறையில் அடுப்பு எரியவில்லை. பாத்திரச் சத்தம் ஆகாது என்று அக்கா என் வீட்டில் சாப்பிட்டாள். குளிர் போய், வசந்தத்தில் பாலைவனத்திலிருந்து வீசும் மஞ்சள் தூசி வந்து, எல்லோரும் தரைச்சூட்டை நிறுத்திவிட்டார்கள். அவள் மட்டும் வியர்த்து வழிந்துகொண்டு நிறுத்தாமல் இருந்தாள். கடைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் தரையில் படுத்துப் பார்ப்பாள். போரி தண்ணீர் குடிக்கக்கூட அபூர்வமாகத்தான் இறங்கியது. நாளுக்கு நாள் முதுகெலும்பு புடைத்துத் தெரிந்தது. 'இன்னுமா சாப்பிடாம இருக்கா' என்று தினமும் என்னிடம் கேட்பாள், பதில் எனக்குத் தெரியும் என்பதுபோல.

ஒரு பிற்பகல் கடையை அப்படியே போட்டுவிட்டு என்னை அழைக்க வந்தாள். ஒரு முட்டையின் தோலில் கத்தியால் கீறியதுபோல் பிளவு. அதிலிருந்து கடுகளவு மூக்கு வெளியே வந்து, காற்றை முகர்ந்து, மறுபடி உள்ளே போயிற்று. பக்கத்து முட்டையில் இன்னொன்று. தாயின் உடம்பு மூச்சுக்கு மூச்சு மெல்ல ஏறி இறங்கியது. குஞ்சுகள் அந்த அசைவிலேயே சாய்ந்து கிடந்தன. அக்காவின் கண்ணில் நீர் வழிந்து தரையில் சொட்டியது. துடைக்கவில்லை.

ஒரே ஒரு முட்டை மட்டும் சுருங்கிப் போனது. மற்றவற்றிலிருந்து குஞ்சுகள் வெளியே வந்து முடிந்ததும் போரி கட்டை அவிழ்த்தது, மெலிந்த உடம்பு தளர்ந்து தரையில் நீண்டது. அக்கா கையை நீட்டினாள். நான் அவள் தோளைப் பிடித்தேன். அவள் விரல் அதன் முதுகில் பட்டது, அங்கேயே நின்றது.

"ஈரமா, வழவழன்னு இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன் இத்தன நாளா," என்றாள். "பட்டு மாதிரி இருக்கா."

விடுப்பில் வந்த ஹான்கியோல் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பெட்டிகளுக்கு மாற்றினான். அம்மா அவனுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, எது முதலில் வந்தது, எது சோம்பேறி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.