புகை புகாத மாடி

ஈரச் சாக்குகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. லுணுகலைக்கு மேலே நாங்கள் கொழுந்து பறித்த தோட்டத்தில், ஐம்பதுகளில் வறண்ட கச்சான் காற்று வீசிய ஒரு காலத்தில், மலை முகட்டு மானாப்புல் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் புகைந்தது. தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அதன் மாடியில்தான் கொழுந்தைப் பரப்பி வாட்டுவார்கள். கொழுந்தில் புகை வாடை ஏறினால் தேயிலை விலைபோகாது என்று, தோட்டத்தை நடத்திய துரை மாடி ஜன்னல்களை அடைத்து, இடுக்கு விடாமல் ஈரச் சாக்கு தொங்கவிடச் சொன்னார். நாங்கள் வேலைக்குப் போகையில் எங்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கோ பாதிச் சுவர்தான். அதற்கு மேலே வெறும் வெளி.

என் மகளுக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. பால் கொடுக்கப் போனபோது மார்பைப் பற்ற முடியாமல் மூச்சுக்குத் திணறினாள்; உதடு கறுத்திருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாம்மாவிடம் அழுதேன். தோட்டத்தில் அவளைப் போல வாய்க்காரி கிடையாது.

"அழுதா புகை போயிடுமா? புள்ளயத் தூக்குடி!" என்றாள். அவள் இடுப்பில் இரண்டு பிள்ளைகள். மிச்சப் பிள்ளைகளோடு பால் கொடுக்க வந்த நாங்கள் எல்லாரும் பின்னால். நேரே ஸ்டோருக்குப் போனோம்.

வாசலில், ஸ்டோர் வேலையைக் கவனிக்கும் டீமேக்கர் ஐயா கையை விரித்து மறித்தார். யாழ்ப்பாணத்துக்காரர். "என்ன ஆயா இது? கொழுந்து கிடக்கிற இடத்தில குழந்தையளோ? துரை கண்டால் என்ரை வேலை போயிடும்."

"கொழுந்துக்கு ஆகாத புகை எங்க புள்ளைங்களுக்கு மட்டும் ஆகுங்களா? நீங்களே சொல்லுங்க ஐயா."

அவர் விலகவில்லை. ஆயாம்மா அவர் கைக்குக் கீழே குனிந்து படியேறிவிட்டாள். அடடா, அந்த நடை! மாடியில் பச்சைக் கொழுந்தின் வாசம் மட்டும்தான். சாயங்காலத்துக்குள் என் மகள் பால் குடித்தாள்.

துரை வந்து கத்தினார். ஒருத்தியும் இறங்கவில்லை. புகை அடங்கிய பிறகு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், எல்லார் முன்னாலும் ஆயாம்மாவை வேலையிலிருந்து நிறுத்தினார். "நிறுத்துங்க. புள்ளைங்க மூச்சு நிக்கலையே, அது போதும்" என்றாள் அவள்.

என் மகள் இப்போது பேத்தி எடுத்துவிட்டாள். புகை நாட்களில் ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளே இருங்கள், குழந்தைகளை வெளியே விடாதீர்கள் என்று வானொலியே சொல்கிறது. அன்று அதைச் செய்ததற்கு ஒருத்தியின் பிழைப்பு போனது.

அவள் இடத்துக்குத் துரை என்னைப் போட்டார், நான் வாயில்லாப்பூச்சி என்ற நம்பிக்கையில். மறு கச்சானில் மானாப்புல் பற்றியது. நான் யாரையும் கேட்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தேன். வாசலில் நின்ற டீமேக்கர் ஐயா என்னைப் பார்த்தார், மேலே புகையைப் பார்த்தார். பிறகு கதவைத் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டு, "கெதியா ஏறுங்கோ" என்றார்.