மாமன் மடிக்கு ஒரு வாய்தா

வங்காளத்தில், டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறேன். மேல்மாடியில் கட்டடத்தின் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற வங்காளி, மனைவியோடு குடியிருக்கிறார். விடியற்காலையில் என் கிரைண்டர் ஓடும்போது அவர் கட்டில் அதிர்கிறதாம். சொல்லிப் பார்த்தார், சண்டை போட்டார், கடைசியில் வழக்கே போட்டுவிட்டார். அதன் பிறகு எங்கள் பேச்சுவார்த்தையெல்லாம் வக்கீல்கள் வழியாகத்தான். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் அவர் சுவரைப் பார்ப்பார், நான் செருப்பைப் பார்ப்பேன்.

என்னைக் குறுக்கு விசாரணை செய்ய நாள் குறித்திருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, பயலுக்குக் காது குத்த நாள் பாத்தாச்சு. குலசாமி கோயில்ல."

அவள் சொன்ன தேதியும் கோர்ட் தேதியும் ஒன்று.

"கொஞ்சம் தள்ளி வைக்கலாமா தாயி?"

"சாமி காரியத்தை எப்படிண்ணே தள்ளுறது? உன் கோர்ட்டைத் தள்ளச் சொல்லு. மாமன் மடி இல்லாம நான் குத்த மாட்டேன். பய கல்யாணம் வரைக்கும் மூளிக் காதோடவே திரியட்டும்."

என் வக்கீல் இளம் வங்காளிப் பெண். என்னை அண்ணன் என்ற பொருளில் 'தாதா' என்றுதான் கூப்பிடுவார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "காது குத்துன்னு எழுதினா வாய்தா கிடைக்காது தாதா. காய்ச்சல்னு எழுதிடலாமா?"

"வேண்டாம்மா. பிள்ளைக்கு நல்லது நடக்குற அன்னைக்கு என் வாயால காய்ச்சல்னு சொல்ல மனசு வரல."

'குடும்பச் சடங்கு' என்று எழுதி மனுப் போட்டார். மனு விசாரணைக்கு வந்தபோது என்ன சடங்கு என்று நீதிபதி கேட்டார்; காது குத்து என்றதும் எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார்.

"ஏற்கெனவே பலமுறை தள்ளிப்போன வழக்கு இது. காது குத்துறதுக்குக் குழந்தையும் ஊசியும் இருந்தா போதுமே? இவர் எதுக்கு?"

கோர்ட்டே சிரித்தது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. நீதிபதி என்னைப் பார்த்து, "நீங்க போகாட்டி என்ன ஆகும்?" என்று கேட்டார்.

எழுந்து நின்றேன். கடையில் மாவு விற்கும் வங்காளம்தான் எனக்குத் தெரிந்த வங்காளம். அதிலேயே சொன்னேன்.

"ஹுஜூர், இங்க குழந்தைக்கு முதல் சோறு மாமாதானே ஊட்டுவார்? அந்த மாதிரி எங்க ஊர்ல மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்துவாங்க. நான் அவனுக்கு ஒரே மாமன்."

நீதிபதி பதில் சொல்வதற்குள் பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "மாமா இல்லாம எப்படி ஹுஜூர்? என் அக்கா பையனுக்கு நான்தான் ஊட்டினேன். இவர் போகட்டும்."

திரும்பிப் பார்த்தேன். என் மேல்மாடிக்காரர்! அவருடைய வக்கீல் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"உங்க வக்கீல் எதிர்க்கிறார், நீங்க ஆதரிக்கிறீங்க. நான் யார் பேச்சைக் கேட்கிறது?" என்று நீதிபதி சிரித்தபடியே வேறு தேதி கொடுத்தார்.

வெளியே டீக்கடையில் மேல்மாடிக்காரரிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"வழக்கு வழக்குதான். அந்த மெஷினை விட மாட்டேன்," என்றார் முறைப்பாக. பிறகு மண்குவளையை ஒரு முறை ஊதிவிட்டு, "குழந்தைக்கு என்ன வயசு?" என்று கேட்டார். இரண்டாவது டீ அவர் வாங்கிக் கொடுத்தார்.

மதுரைக்குப் போனேன். பயல் என் மடியில் உட்கார்ந்து ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான், என் புது வேட்டியையும் நனைத்தான். தங்கைக்கு வாயெல்லாம் பல்.

திரும்பி வந்த அன்று மேல்மாடிக்காரர் படியிலேயே மறித்து, "அழுதானா?" என்றார். போனில் வீடியோவைக் காட்டினேன். முழுவதும் பார்த்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டு மறுபடியும் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். கிரைண்டருக்கு அடியில் கனத்த ரப்பர் போடுவது, அவர் எழுந்து டீ குடித்த பிறகே ஓட்டுவது என்று முடிவானது.

அடுத்த வாய்தாவில் வழக்கை வாபஸ் வாங்கினார். குறுக்கு விசாரணைக்கு என்னை ஒரு வாரம் தயார்செய்திருந்த என் வக்கீலுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.