எண்ணாத பட்டி

எங்கள் பட்டியில் எத்தனை ஆடுகள் நிற்கின்றன என்று யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். இங்கேயும் எழுதப் போவதில்லை. ஊசி போட வருகிறவருக்கு மட்டும் விதிவிலக்கு. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் சுற்றுவட்டத்தில் ஆட்டை விரல் நீட்டி எண்ணுவதில்லை. எண்ணினால் குறைந்துவிடும் என்பது பேச்சு. எத்தனை உருப்படி என்று கேட்டால், "பட்டி நெறஞ்சிருக்குங்க" என்போம். இரண்டே இரண்டு ஆடு இருந்தாலும் பதில் அதுதான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். வீடு கட்டினால் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கவிடுகிறவர்களுக்கு எங்களைப் பார்த்துச் சிரிக்க யோக்கியதை இல்லை.

எண்ணாமல் எப்படி ஆடு காப்பது? அதற்குத்தான் சொற்கள் இருக்கின்றன. சாயங்காலம் ஆடுகள் பட்டிக்குள் நுழையும்போது என் அம்மா வாசல் படலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்வார். நெற்றியில் வெள்ளை விழுந்தது சுட்டி. காது குட்டையானது மூளி. கொம்பில்லாதது மொட்டை. சிவந்த உடம்பு செவலை. முதல் குட்டி ஈன்றது தலையீத்து. இரண்டு சொல்லைச் சேர்த்தால் இன்னொரு ஆடு கிடைக்கும்: மொட்டைச் சுட்டி, மூளிச் செவலை. சொல் இருந்து ஆடு வரவில்லை என்றால் அம்மா அப்போதே கோலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எண்ணக் கூடாது என்று வாயைக் கட்டிப்போட்ட வீடுகளில்தான் இந்தச் சொற்கள் பிறந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. புத்தக ஆதாரம் கேட்காதீர்கள், என்னிடம் இல்லை.

நான் மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் விடுதியில் தங்கிப் படித்தவள். என் வெறுங்காதைப் பார்த்து அங்கே ஒருத்தி "மூளி" என்றாள். எங்கள் பட்டியின் மூளி வருஷம் தவறாமல் குட்டி போடுகிறவள். அவளை யாரும் கேவலமாக நினைத்ததில்லை. அந்தச் சொல்லை எடுத்துப்போய்ப் பெண்பிள்ளை மேல் வசவாக எறிந்தது யாரோ, எங்கள் அம்மாக்கள் இல்லை. நான் பேசியதை எல்லாம் கொச்சை என்று திருத்திய வாத்தியார்களும் உண்டு. அந்தக் கோபம் இன்னும் எனக்குள் அப்படியே இருக்கிறது. போன பங்குனியில் அதுதான் வினையாக வந்து முடிந்தது.

கோடைமழை பெய்து புது மண்ணில் இளம்புல் கிளம்பும்போது, அதை வயிறு முட்டத் தின்ற ஆடு துள்ளித் துள்ளி விழுந்து செத்துப்போகும். அதற்குத் துள்ளுமாரி என்று பெயர். ஆடு எப்படிச் சாகும், எந்தப் பருவத்தில் சாகும் என்று இரண்டையும் பெயரிலேயே வைத்தவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. மழைக்கு முன்பே ஊசி போட்டுவிட்டால் ஆடு பிழைத்துக்கொள்ளும்.

ஊசி போடுகிறவர் முகாமுக்கு முன்னால் போனில் கூப்பிட்டார். "உங்ககிட்ட எத்தனை ஆடும்மா?"

"பட்டி நெறஞ்சிருக்குங்க."

அவர் சிரித்தார். "கதையெல்லாம் வேணாம்மா. நம்பர் சொல்லுங்க. எண்ணத் தெரியாதா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பி.எஸ்சி. கணக்குப் படித்தவள் நான். "பட்டி நெறஞ்சிருக்குங்க" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு போனை வைத்தேன். அவர் குத்துமதிப்பாக இருபது என்று எழுதிக்கொண்டாராம்.

முகாம் அன்று பஸ் நிற்கும் இடத்துப் பலாமரத்தடியில் இருபது ஆடுகளோடு எங்கள் மருந்து தீர்ந்தது. மற்றவை மருந்தில்லாமல் நின்றன. "அடுத்த நடைக்குக் கொண்டுவரேன். மிச்ச ஆட்டையாவது எழுதிக் கொடுங்க" என்றார். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

தாளைப் பார்த்து அவர் முகம் சுளித்தார். "மூளி, தலையீத்து... இதெல்லாம் கொச்சைம்மா. நிறம், வயசு, பெட்டையா கிடாவான்னு எழுதுங்க."

"செவப்பு, மூணு வயசு, பெட்டைன்னு எழுதினா பாதிப் பட்டி வந்து நிக்குமுங்க. அதுல எதுக்கு ஊசி போட்டீங்க, எதுக்குப் போடலைன்னு நீங்களே சொல்லுங்க பார்க்கலாம்" என்றேன்.

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். வர மூன்று வாரமாகும் என்றார். எங்கள் சொற்கள் ஒன்றுகூட மாறாமல் ஆபீசுக்குப் போகின்றன என்று நான் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். அம்மா மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

பத்தாம் நாள் மழை வந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் போவதற்குள் மேய்ச்சல் கரடெல்லாம் பச்சை. ஊசி போட்டவற்றை மட்டும் மேயவிட்டு, மற்றவற்றைப் பட்டியில் அடைத்துப் பலா இலையும் காய்ந்த கடலைக்கொடியும் போட்டோம். எங்களுடையது செம்மறி, கூட்டத்தை விட்டு நிற்குமா? வெளியே போன கூட்டம் கத்த, உள்ளே இருந்தவை பதிலுக்குக் கத்தின. ஒரு நாள் நான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் தலையீத்துச் செவலை படலை முட்டித் தள்ளிக்கொண்டு கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது. சாயங்காலம் அம்மா மேயப் போனவற்றைச் சொல்லச் சொல்ல ஆடுகள் வந்தன. சொல்லாத ஒன்றும் கூட வந்தது, வயிறு புடைக்க.

விடிந்து பார்க்கும்போது அது துள்ளி விழுந்து, கால்களை உதைத்துக்கொண்டு கிடந்தது. வெயில் ஏறுமுன் அடங்கிவிட்டது. குட்டி அதன் மடியை முட்டிக்கொண்டே இருந்தது.

அம்மா குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: "நாந்தான் எண்ண மாட்டேன் கண்ணு. எம்பட வளப்பு அப்படி. நீ படிச்சவ. உனக்கென்ன வந்துச்சு? சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

எண்ணிக்கையை நான் மறைத்தது வழக்கத்துக்காக இல்லை, வீம்புக்காக. அது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. சொற்களுக்காகச் சண்டை போட்டதற்கு இன்றும் நான் வருத்தப்படவில்லை. எண்ணத் தெரியாதா என்று கேட்டவரைப் பழிவாங்கப் போய் ஒரு ஆட்டைக் கொன்றேன். அதற்குத்தான் வருத்தம்.

சொன்ன நாளில் ஊசிக்காரர் வந்தார். பையிலிருந்து என் தாளை எடுத்தார். வேறு தாள் எதுவும் அவரிடம் இல்லை.

"மொட்டைச் சுட்டி" என்று படித்தார். அம்மா பிடித்துக் கொடுத்தார். ஊசி இறங்கியது. "மூளிச் செவலை" என்றார். அதுவும் வந்தது. தட்டுத் தடுமாறாமல் எங்கள் சொற்களைப் படித்துக்கொண்டே போனார். வேறு நாளாக இருந்தால் நான் பெருமையில் ஊரைக் கூட்டியிருப்பேன்.

"தலையீத்துச் செவலை."

யாரும் அசையவில்லை. அவர் இன்னொரு முறை கூப்பிட்டார். குட்டி மட்டும் கத்தியது. அவருக்குப் புரிந்தது. பேனாவை எடுத்து அந்த வரியை அடிக்கப் போனார்.

"அடிக்காதீங்க" என்றேன்.

"செத்ததுக்கு எதுக்கும்மா ஊசி?"

"ஊசி வேண்டாமுங்க. பேரு இருக்கட்டும்."

என் குரல் எனக்கே முரட்டுத்தனமாகக் கேட்டது. அவர் என்னையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அடுத்த ஆட்டைக் கூப்பிட்டார்.