என் மனைவி செய்த வாசனைக் குமிழ்கள்

அந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் பெக்டரியில் இருந்தேன். ஒரு கட்டடத்தில் ரப்பர் பாலை நுரைக்க வைத்து மெத்தையும் தலையணையும் செய்வார்கள். பக்கத்துக் கட்டடத்தில் கார்களுக்குப் போடும் விரிப்பு. அங்கேதான் மில் இருந்தது. இரண்டு பெரிய இரும்பு உருளைகள் சுழன்று ரப்பரைப் பிசையும். அந்த மில்லில் மூன்று வருஷம் நின்றுவிட்டு, மாத்தயா, அதாவது ஐயா, என்று எல்லோரும் கூப்பிடும் சிங்களக் கெமிஸ்ட்டின் கண்ணில் பட்டு லெப்புக்கு வந்தவன் நான். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து சாதாரண தரப் பரீட்சையோடு நின்றவனுக்கு அது பெரிய ஏற்றம். வெள்ளைக் கோட்டை ஞாயிற்றுக்கிழமை நானே துவைத்துக் காயப்போடுவேன், லயத்து ஆட்கள் பார்க்கட்டும் என்று.

என் மனைவி டவுன் கடைக்காரர் மகள். சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்து, உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியல் பாஸ் பண்ணியவள். என்னைக் கட்டிக்கொண்டதால் படிப்பு அதோடு நின்றது. பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, லெப்பில் போத்தல் கழுவ ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்து நான்தான் மாத்தயாவிடம் கேட்டேன். போத்தல் கழுவத்தான் கேட்டேன்.

அந்தச் சமயத்தில் வெளிநாட்டு வியாபாரி ஒருவர் விசித்திரமான தலையணை கேட்டிருந்தார். தலை வைத்தால் கொசுவை விரட்டும் பங்கிரிப் புல் வாசனை வரவேண்டும், எடுத்தால் நிற்கவேண்டும். அந்தப் புல்லின் எண்ணெயை உறைத்துணியில் தெளித்துப் பார்த்தோம். ஒரு வாரத்தில் வாசனை பறந்துபோனது. ஒவ்வொரு எண்ணெய்த் துளிக்கும் ஒரு தோல் கட்டவேண்டும், அந்தக் குமிழைத் துணியில் ஒட்டவேண்டும், தலை உரசும்போது அது உடையவேண்டும் என்றார் மாத்தயா. சொல்லிவிட்டு, கையிலிருந்த சிங்களப் புத்தகத்தை நான் நின்ற பக்கம் நீட்டாமல், தொட்டியருகே நின்ற அவளிடம் நீட்டினார்.

"நங்கி," என்றார், தங்கச்சி என்று. "இதை வாசித்துப் பாருங்கள்."

எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் பேசத்தான். எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் விடிந்துவிடும். அது அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் கலக்க, நான் ஐஸ் தூக்கினேன். வெந்நீரில் ஜெலட்டினும் கருவேலம் பிசினும் கரைத்து, எண்ணெயை விட்டு, மோட்டர் வைத்த துடுப்பால் சுழற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாக அசிட் விடுவாள். பால்போல வெளுக்கும். அப்புறம் பாத்திரத்தை ஐஸில் இறக்கி மெதுவாக ஆறவிட வேண்டும். ஆறும்போதுதான் தோல் கட்டும். ஐஸ் டவுன் மீன் கடையிலிருந்து வரும். என் கோட்டில் மீன் வாடை; அவள் கோட்டில் பங்கிரி வாசனை.

எட்டு மணிக்குத் தொடங்குவாள். பத்து மணிக்கு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, கஞ்சிக் கட்டியாகப் பாத்திரத்தின் அடியில் கிடக்கும். அசிட்டைக் கூட்டினாள், குறைத்தாள். பிசினை மாற்றினாள். மூன்று வாரம் தினமும் கட்டிதான்.

முதல் வாரமே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஒன்பதரைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் மில்லைப் போடுவார்கள். போட்டதும் அது கரண்டை இழுத்துக்கொள்ள, லெப் பல்ப் மங்கும். துடுப்பு மோட்டரின் சத்தம் ஒரு படி இறங்கும். சுற்று குறைந்தால் குமிழ்கள் ஒட்டத்தானே செய்யும்? அவள் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மில்லில் மூன்று வருஷம் நின்றவனுக்கு அந்தச் சத்தம் காதில் விழாமல் இருக்குமா?

நான் சொல்லவில்லை.

வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியே கேட்பாள்: "எங்கங்க தப்பு நடக்குது? உங்களுக்கு ஏதாச்சும் தோணுதா?"

"புத்தகத்துல பாரு," என்பேன்.

நான்காவது வாரம் மில்லின் பெல்ட் அறுந்தது. அன்றைக்குக் கட்டி விழவில்லை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். தவளை முட்டை மாதிரி தனித்தனியாக, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளி எண்ணெய். அவ்வளவு அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. பார்த்ததும் வயிறு எரிந்தது.

பெல்ட்டை மாற்றி மில்லை ஓட்டிய அன்றைக்குத் திரும்பவும் கட்டி. அவள் மெல்லத் தலையைத் தூக்கி பல்பைப் பார்த்தாள்.

மாத்தயா விஷயத்தைக் கேட்டு லெப்புக்குத் தனி கரண்ட் லைன் இழுக்கச் சொன்னார். எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார். அவளோ என்னைக் காட்டி, "இவரு மில்லுல வேலை செஞ்சவரு சேர். இவர்கிட்டக் கேட்டுத்தான் உறுதிப்படுத்திக்கிட்டேன்," என்று சிங்களத்தில் சொன்னாள். அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. எனக்கும் ஒரு பங்கு கிடைக்கட்டும் என்று சொன்ன பொய். மாத்தயா என் தோளைத் தட்டினார்.

அந்தத் தட்டுத்தான் தாங்க முடியவில்லை. பஸ்ஸில் வரும்போது சொல்லிவிட்டேன்.

"எனக்கு மொதல்லயே தெரியும். முதல் வாரமே."

அவள் உடனே புரிந்துகொள்ளவில்லை. புரிந்ததும் கேட்டாள்: "மூணு வாரம் ஒண்ணா ஒக்காந்து சோறு தின்னோமே. அப்பவுமா தெரியும்?"

"தெரியும்."

எழுந்து முன்னால் போய் ஒரு கிழவியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வீட்டில் பத்து நாளுக்கு மேல் பேச்சில்லை. சோறு மட்டும் தட்டில் இருக்கும்.

தலையணைக்கு ஓடர் வந்தது. குமிழ் வேலைக்கு அவளையே பொறுப்பாக்கி, அவளுக்குக் கீழே இரண்டு பெண்களையும் போட்டார்கள். நான் விரிப்புப் பகுதிக்கே திரும்பிப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

"ஓடாதீங்க," என்றாள். "என்மேல பொறாமைப்படுங்க, பரவாயில்ல. கண்ணால பார்த்தத மட்டும் மறைக்காதீங்க."

இருந்தேன். அவள் எழுதி வைத்ததைப் பார்த்து அளந்து ஊற்றும் ஆளாக இருந்தேன். பொறாமை போகவில்லை. வெளியாட்கள் வந்து, இதைச் செய்தது யார் என்று கேட்கும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இரண்டு வருஷம் கழித்து, நட்டில் பூசும் பசையைக் குமிழுக்குள் அடைக்கும் வேலை வந்தது. நட்டை முறுக்கும்போது குமிழ் உடைந்து பசை பிடிக்கவேண்டும். முதல் கலவை முழுக்கக் கசிந்தது. தோலை இறுக்கும் பார்மலினை, பாத்திரம் நன்றாகக் குளிரும் முன்பே அந்தப் பெண்கள் ஊற்றுவதை நான் பார்த்திருந்தேன். அவள் பாத்திரத்தின் முன்னால் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். தேத்தண்ணி நேரம் வந்தது, போனது. மத்தியானச் சோற்றுக்கு மணி அடித்த பிறகுதான் என் வாயிலிருந்து அது வந்தது.

"பார்மலின முந்தி ஊத்துறாங்க."

சாயங்காலம் வரை திரும்பச் செய்து பார்த்தாள். கசியவில்லை. பதிவுப் புத்தகத்தில் என் பெயரைப் போட்டு எழுதினாள். எழுத்து அவளுடையது, அச்சடித்த மாதிரி. அதன்மேலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.