நசுங்காத குண்டு

என் கணவருக்கு ஞாயிறு என்றால் செங்கல்பட்டுப் பக்கம் கௌதாரி வேட்டை. எழுபதுகளில் தி.நகரில் குடியிருந்தோம். நெஞ்சு நோயில் படுத்து எழுந்தவர், "கௌதாரிக்கு எதுக்குப் பெரிய துப்பாக்கி? சின்னதா வாங்கிடலாம்" என்று மவுண்ட் ரோடு கடைக்கு என்னையும் கூட்டிப் போனார்.

கடைக்காரர் கொடுத்ததைத் தோளில் வைத்தார். குழாய் நடுங்கியது. கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டு, இருப்பதிலேயே சன்னமான குழாய் உள்ளதை நீட்டினார். "இதுல ஒரு தோட்டாவுக்குள்ள ஈயக் குண்டு கம்மி சார். குறி தப்பாதவங்கதான் எடுப்பாங்க."

அவர் முகம் மலர்ந்தது. தோளில் வைத்ததும் அந்தக் குழாயும் நடுங்கியது. நானும் கடைக்காரரும் வேறு பக்கம் பார்த்தோம்.

அடுத்த ஞாயிறு இரண்டு கௌதாரியோடு வந்தார். "குண்டு பல்லுல படும், பாத்துச் சாப்பிடு" என்றார் வழக்கம்போல. சுத்தம் செய்யும்போதே தெரிந்துவிட்டது. உடம்பில் ஒரு துளை இல்லை, கழுத்தைத் திருகியிருந்தார்கள். வழியில் யாரிடமோ வாங்கியிருக்கிறார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் வாராவாரம் அப்படியே கொண்டுவந்து, இளைத்துக்கொண்டும் வந்தவர், நான் சாப்பிடும்போது என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிறு அவருடைய தோட்டா ஒன்றை அறுத்து, உள்ளிருந்து ஒரு குண்டை எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டாவது வாய்ச் சோற்றோடு அதை வாயில் போட்டு, முகம் சுளித்து, எவர்சில்வர் தட்டில் துப்பினேன். டிங்கென்றது.

அவர் அதை எடுத்து விரலில் உருட்டினார். சுட்ட குண்டு எலும்பில் பட்டு நசுங்கியிருக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். இது முழு உருண்டை.

"சொன்னேன்ல, பாத்துச் சாப்பிடுன்னு" என்றார், நிமிராமல்.

அடுத்த ஞாயிறு அவர் கிளம்பவில்லை. "முடியல" என்று முதல் தடவையாக என்னிடம் சொன்னார். கோபத்தில் அல்ல, அவர் முகம் மலரத்தான் அந்தக் குண்டை வாயில் போட்டேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.