களிமண் முனையில் வாங்கிய கோல்

1. தண்ணீர்

ஆட்டம் நாலரை மணிக்கு. பகல் ஒரு மணிக்கு மைதானத்தில் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். உடற்பயிற்சி ஆசிரியராக எனக்கு அது முதல் வருஷம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தும் கல்லூரித் தலைவரைத் திரெக்தேர் என்றுதான் சொல்வோம், நேரில் மெசியே. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்று முந்தைய வருஷம் தங்கள் ஊரில் எங்கள் ஹாக்கி அணியைத் தோற்கடித்திருந்தது. இப்போது அவர்கள் இங்கே வருகிறார்கள். அதிகாரிகள் குடும்பத்தோடு பார்க்க வருவதால் புழுதி பறக்கக் கூடாது என்று திரெக்தேர் சொல்லியிருந்தார்.

மைதானத்தைப் பார்த்துக்கொண்டவர் குரும்பகரத்துக் கலியபெருமாள். கிழக்கு கோல் முன்னால் மழையில் விழுந்த பள்ளத்தை வயல் களிமண் போட்டு நிரப்பியவர் அவர்தான்.

"மத்த எடம் மணலு, குடிச்சிடும். கெழக்கு கோல்ல மட்டும் வேணாங்க மாஸ்டர். சாயங்காலத்துக்குள்ள காயாது" என்றார்.

அதிகாரிகளின் நாற்காலிகளை அந்தப் பக்கம்தான் போட்டிருந்தார்கள். அங்கேயும் ஊற்றச் சொன்னேன்.

2. இடைவேளை

முதல் பாதியில் கிழக்கு கோல் எதிரணிக்கு. எங்கள் சென்டர் ஃபார்வர்ட் ராஜேந்திரன் பந்தை உருட்டிக்கொண்டு வேகமாகப் போவான். கோலுக்கு முன்னால் போனதும் பந்து மண்ணில் ஒட்டி நின்றது. அவன் அதைத் தாண்டி ஓடிவிட்டான். இரண்டு முறை இப்படி. பிறகு ஒரு பெனால்டி கார்னரில் பலமாக அடித்து ஒரு கோல் போட்டோம். எதிரணி கோல்கீப்பர் மட்டும் முன்னால் பாயாமல், பந்து நின்ற பிறகே உதைத்தான். அவனுக்கு மண் புரிந்துவிட்டது. வெளியே நின்ற எனக்கும் புரிந்தது.

எங்கள் கோல்கீப்பர் ஹாஜா. பந்து வரும்போதே பாய்ந்து வந்து உதைப்பான். அவனுடைய பலமே அதுதான். அடுத்த பாதியில் அந்த ஈரக் களிமண்ணில் அவன் நிற்க வேண்டும்.

இடைவேளை ஐந்து நிமிஷம். பந்து அங்கே நின்றுவிடும், முன்னால் பாயாதே என்று ஹாஜாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் திரெக்தேர் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். சொன்னால், ஏன் நிற்கும் என்று கேட்பார்; வேண்டாம் என்றும் நான் ஊற்ற வைத்தது தெரிந்துவிடும். ராஜேந்திரனோ தன் ஸ்டிக்தான் சரியில்லை என்று வேறு ஸ்டிக் தேடிக்கொண்டிருந்தான். எலுமிச்சைத் துண்டுத் தட்டோடு நின்ற கலியபெருமாள் என்னையே பார்த்தார்.

"நல்லா ஆடுறீங்க. இதே மாதிரி ஆடுங்க" என்றேன்.

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது நடுவிலிருந்து ஒரு நீள அடி வந்தது. ஆபத்தில்லாத பந்து. ஹாஜா பாய்ந்து வந்து காலை வீசினான். பந்து ஒரு முழம் முன்னாலேயே நின்றிருந்தது. வீசிய வேகத்தில் அவன் மல்லாந்து விழ, எதிரணிக்காரன் பந்தை மெல்லத் தள்ளிவிட்டான். ஒன்றுக்கு ஒன்று. அதன் பிறகு ஹாஜா கோல் கோட்டை விட்டு நகரவில்லை. கடைசி நிமிஷத்தில், முன்னால் வந்து தடுத்திருக்க வேண்டிய பந்துக்கும் வரவில்லை. ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம்.

சொந்த ஊர்க் கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. கலையும்போதே ஒரு பேச்சு கிளம்பியது: ஹாஜாவுக்கு எதிரணி ஊரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், விட்டுக்கொடுத்துவிட்டான்.

3. திரெக்தேர் அறை

மறுநாள் காலை என்னையும் ஹாஜாவையும் திரெக்தேர் கூப்பிட்டார். ஊர்ப் பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது. ஹாஜாவை அணியிலிருந்து எடுத்துவிடலாமா என்று என்னைக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் ஹாஜா சொன்னான்: "காசுக்கோ சொந்தத்துக்கோ விடல மெசியே. பந்து வரும்னு நெனச்சேன், வரல. தப்பு என்னோடதுதான்."

இன்னும் ஒரு நிமிஷம் நான் பேசாமல் நின்றிருந்தால் பழி அவன் தலையிலேயே விழுந்து, விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கலியபெருமாள் வேண்டாம் என்று சொல்லியும் தண்ணீர் ஊற்ற வைத்தது நான்தான் என்றேன். இடைவேளையில் தெரிந்தே வாயை மூடிக்கொண்டதையும் சொன்னேன்.

திரெக்தேர் "இத அணிகிட்டயும் நீங்களே சொல்லுங்க" என்றார். என் வேலை நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப்போனது.

அன்று சாயங்காலம் எல்லோர் முன்னாலும் சொன்னேன். ராஜேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஹாஜா மட்டும் கேட்டான்: "பாதி ஆட்டத்துல சொல்லியிருக்கலாமே சார்?"

அந்த வருஷம் முழுக்க எங்களுக்கு அவன்தான் கோல்கீப்பர். நன்றாகவே ஆடினான். ஆனால் முன்னால் பாய்ந்து வரும் பழக்கம் அவனுக்குத் திரும்பவே இல்லை.

பயிற்சி கொடுக்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தண்ணீர் ஊற்றியது அனுபவமின்மை, அதை மன்னிக்கலாம். இடைவேளையில் ஐந்து நிமிஷம் இருந்தது. உங்கள் தவறு உங்களுக்குத் தெரிந்துவிட்டால், அதை முதலில் அந்த இடத்தில் நிற்கப்போகிறவனிடம் சொல்லுங்கள். பக்கத்தில் யார் நின்றாலும் சரி.